நான் அழித்த புள்ளி

பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து சென்ற மாதம் கடிதம் வந்தது. என் பி.எச்டி. தீசிஸை ஏதோ ஒரு நூலகத்தின் மூலையிலிருந்து தேடியெடுத்து முழுதாகப் படித்திருக்கிறாள். என்னையும் எனக்குத் தேர்வாளர்களாக இருந்த இருவரையும் தவிர அதை முழுதாகப் படித்த பிறவி இவளாகத்தான் இருக்க வேண்டும். என் கணவர் நன்றியுரையோடு நிறுத்திக்கொண்டவர். அதில் தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் மூடி வைத்துவிட்டார்.

கடிதத்தில் நாலு வரி பாராட்டு. பிறகு ஒரு கேள்வி. “மேடம், படிகம் வளர்த்த குழாய்கள் மொத்தம் எட்டு என்று பின்னிணைப்பில் அட்டவணை போட்டிருக்கிறீர்கள். நான்காம் அத்தியாயத்தின் வரைபடத்தில் ஏழு குழாய்களின் படிகங்கள்தான் இருக்கின்றன. எட்டாவது குழாய் உடைந்துவிட்டதா?”

உடையவில்லை. முப்பது வருஷங்களுக்கு மேலாக யாரும் கேட்காத கேள்வி அது. யாரும் கேட்க மாட்டார்கள் என்று நானே நம்பத் தொடங்கிவிட்ட நேரத்தில் வந்தது. அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அதைச் சொல்வதற்கு முன் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்தது நியோபியம் டைசெலினைடு என்ற பொருளில். பெயர்தான் பயமுறுத்தும். பொருள் சாது. காக்காப்பொன் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும், சாம்பல் நிறத்தில் பளபளக்கும் சின்னச் சின்னத் தகடுகள். நகத்தால் உரித்தாலே ஒரு ஏடு கையோடு வரும். இந்தத் தகட்டைக் குளிர்வித்துக்கொண்டே போனால் இரண்டு விநோதங்கள் நடக்கின்றன. ஒன்று எல்லோரும் கேள்விப்பட்டது, இன்னொன்று இயற்பியல் படித்தவர்களிலேயே பலர் கேள்விப்படாதது.

கேள்விப்பட்டது மீகடத்தல், அதாவது சூப்பர் கண்டக்டிவிட்டி. 1911 ஏப்ரலில் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தபோது 4.2 கெல்வின் அருகே அதன் மின்தடை மறைந்துபோனது. செல்சியஸ் கணக்கில் அது பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி. ஏன் மறைந்தது என்று சொல்ல 46 வருஷம் ஆயிற்று. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். ஒரு எலெக்ட்ரான் கடந்து போகும்போது பக்கத்து அணுக்கள் அதை நோக்கிச் சற்றே சாய்கின்றன. சாய்ந்தவை நிமிர்வதற்குள் அந்த இடத்துக்கு இன்னொரு எலெக்ட்ரான் இழுக்கப்படுகிறது. இப்படி ஜோடி சேர்ந்த எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒரே தாளத்தில் நகரத் தொடங்கினால் அவற்றை எதுவும் தடுப்பதில்லை. நியோபியம் டைசெலினைடில் இது நடப்பது 7.2 கெல்வினில்.

மற்றதற்கு மின்னூட்ட அடர்த்தி அலை என்று பெயர். இதை என் அம்மாவுக்கு விளக்கிய மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். ஊடுபுள்ளி வைத்து வாசலை நிரப்பியிருக்கிறீர்கள். ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி. இந்தத் தகட்டில் நியோபியம் அணுக்கள் அப்படித்தான் பரவியிருக்கின்றன. அவற்றின் மேல் எலெக்ட்ரான்கள் ஒரே சீராகத் தூவிய மாவு மாதிரி பரவியிருக்கின்றன. சுமார் 33 கெல்வினுக்குக் கீழே போனதும் மாவு சில இடங்களில் அடர்ந்து சில இடங்களில் மெலிகிறது. புள்ளிகளும் அதற்கேற்ப மயிரிழை நகர்ந்துகொள்கின்றன. ஏறத்தாழ மூன்று புள்ளிக்கு ஒரு முறை இந்த அடர்த்தி திரும்பத் திரும்ப வருகிறது. மிகச் சரியாக மூன்று அல்ல, ஒரு துளி கூடுதல். 1975இல் நியூட்ரான்களைச் சிதறவிட்டு இதை அளந்தார்கள். “கடவுளே போட்டாலும் புள்ளி தப்புமா?” என்று கேட்டாள் அம்மா. தப்புகிறது.

இந்த அலை பட்டையான, ஒல்லியான பொருள்களில்தான் சுலபமாக வரும். அணுக்கள் ஒரே வரிசையில் நின்றால் அந்த வரிசை அப்படியே நிற்காது, கூடிப் பிரிந்து அலையாக மாறிவிடும் என்று ரூடால்ஃப் பையர்ல்ஸ் 1955இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் காட்டினார். அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஹெர்பர்ட் ஃப்ரோலிச் இன்னும் துணிச்சலாக ஒன்று சொன்னார். அந்த அலை மொத்தமாக வழுக்கிக்கொண்டு போனால் அதுவே மீகடத்தலாக இருக்கலாமே என்றார். அழகான யோசனை. ஆனால் நிஜப் படிகத்தில் எங்காவது ஒரு அழுக்கு அணு இருக்கும். முள்ளில் மாட்டிய சேலை போல அலை அங்கே மாட்டிக்கொள்ளும். மீகடத்தலுக்கான விடை மூன்று வருஷம் கழித்து வேறு வழியில் வந்தது. ஆனால் இந்த இரண்டும் உறவுக்காரர்கள் என்று முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஃப்ரோலிச் முக்கியமானவர் என்பதை மறக்கக் கூடாது.

உறவுக்காரர்கள் என்றால் பங்காளிகள். இரண்டையும் உண்டாக்குவது எலெக்ட்ரானுக்கும் அணுக்களின் அசைவுக்கும் உள்ள அதே பிணைப்பு. இரண்டுக்கும் தீனியும் அதே எலெக்ட்ரான்கள். அலையில் சிக்கிய எலெக்ட்ரான் ஜோடி சேர வராது. ஆகவே அலை வலுத்தால் மீகடத்தல் இளைக்க வேண்டும். குடும்பக் கணக்கும் அதைத்தான் சொல்லியது. நியோபியத்தின் இடத்தில் டான்டலத்தை வைத்த டான்டலம் டைசெலினைடில் அலை 122 கெல்வினிலேயே வந்துவிடுகிறது. அங்கே மீகடத்தல் ஒரு கெல்வினின் பத்தில் ஒரு பங்குக்கு அருகே போய்த்தான் தலைகாட்டுகிறது. நியோபியத்தில் அலை 33 வரை காத்திருக்கிறது, மீகடத்தலுக்கு 7.2 கிடைக்கிறது. தகடு போன்ற பொருள்களில் அலை எல்லா எலெக்ட்ரான்களையும் விழுங்கிவிடுவதில்லை என்பதால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் குடியிருக்க முடிகிறது. குடியிருப்பது சமாதானமாகவா, சண்டையோடா என்பதுதான் கேள்வி. என் கைடுக்கு அதில் சந்தேகமே இல்லை. சண்டை.

1989இல் நான் டெல்லிக்குப் போனேன். எந்த ஆய்வுக்கூடம் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் இரண்டு வருஷமும் படிகம் வளர்ப்பதில் கழிந்தது. நியோபியப் பொடியையும் செலினியத்தையும் சிட்டிகை அயோடினோடு குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி, கண்ணாடி ஊதுபவர் தீயில் வாயை உருக்கி மூடித் தருவார். அந்தக் குழாய் உலையில் படுத்துக்கிடக்கும், ஒரு முனை சுமார் 800 டிகிரியிலும் மறுமுனை 725 டிகிரியிலும். அயோடின் நியோபியத்தை ஆவியாகச் சுமந்துகொண்டு போய்க் குளிர்ந்த முனையில் இறக்கிவைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அங்கே தகடுகள் பூத்திருக்கும். நடுவில் மின்சாரம் போனால் பூப்பது பொடியாகும். டெல்லியில் அப்போது மின்சாரம் எப்படி வந்து போகும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு குழாய் வெடித்தால் அழுகிய முள்ளங்கி வாடை மூன்று நாள் துப்பட்டாவை விட்டுப் போகாது. விடுதி அறைத் தோழி வேறு அறைக்கு மாறிப் போனாள். எட்டுக் குழாய்கள் பிழைத்தன.

கைடின் திட்டம் எளிமையானது. படிகத்தைப் பெரிலியம் செம்பால் செய்த சிறு உருளைக்குள் வைத்து, மண்ணெண்ணெயும் டிரான்ஸ்பார்மர் எண்ணெயும் கலந்து ஊற்றி, சதுர சென்டிமீட்டருக்குப் பத்து டன்னுக்கு மேல் அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் அலை தளரும். அலை தளர்ந்தால் மீகடத்தல் உயர வேண்டும். இப்படி நடக்கும் என்று பிரான்சில் 1976இலேயே காட்டியிருந்தார்கள். எங்கள் வேலை அதை வெவ்வேறு குழாய்களின் படிகங்களில், வெவ்வேறு அழுத்தங்களில் நுணுக்கமாகச் செய்து ஒரே கோட்டில் கொண்டுவருவது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. ஈயமும் 7.2 கெல்வின் அருகேதான் மீகடத்தியாகிறது. பற்றவைத்த ஈயம் வழியாகவே மின்சாரம் ஓடிவிட்டால் படிகத்தை அளந்தோமா ஈயத்தை அளந்தோமா என்று தெரியாது. ஆகவே வெள்ளிப் பசையால்தான் ஒட்ட வேண்டும். தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பிகள் நான்கு, ஒவ்வொரு படிகத்திலும். மைக்ராஸ்கோப்பின் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவேன். நான் சின்ன வயதில் இழைக்கோலம் போட்டுப் பழகியவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கை நடுங்காததைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள்.

புள்ளிகள் வந்து விழுந்தன. அழுத்தம் கூடக்கூட 33 அருகே மின்தடையில் தெரியும் அந்தச் சின்ன மேடு கீழ்வெப்பம் பக்கம் நகர்ந்தது. 7.2 மெல்ல மேலே ஏறியது. ஏழு குழாய்களின் படிகங்களும் ஒரே கோட்டில் நின்றன. கைடு அந்தக் கோட்டைப் பார்த்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எட்டாவதை அளந்தது 1993 ஜனவரியில் ஒரு ராத்திரி. ஹீலியம் கிடைப்பதே ராத்திரியில்தான். பகலில் திரவமாக்கும் இயந்திரம் ஓடும், சாயங்காலம் முறைப்படி பங்கு பிரிப்பார்கள், பெரிய குழுக்களுக்கெல்லாம் கொடுத்தது போக மீதி. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஹரியானாக்காரர். பெண் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று மணிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்ப்பார், ஒரு கிளாஸ் டீயை வைத்துவிட்டுப் போவார். வெளியே 4 டிகிரி செல்சியஸ். உள்ளே குடுவையில் 4 கெல்வின்.

கிராப் போடும் கருவியின் பேனா தாளின் மேல் வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டிருந்தது. அழுத்தம் எதுவும் கொடுக்கவில்லை, சும்மா படிகம். 40 கெல்வின். 35. 33. மேடு வரவில்லை. 30, 28. வழவழவென்று இறங்கிக்கொண்டே போனது கோடு. அலை இல்லை! அழுத்தமே இல்லாமல் அலை போய்விட்டது. அப்படியானால் எங்கள் கோட்டின்படி மீகடத்தல் 7.2க்கு மேலே எங்கோ வர வேண்டும். எட்டரை வருமா? நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். 9 தாண்டியது. 8 தாண்டியது. 7.2 தாண்டியது. பேனா அசையாமல் நேரே போய்க்கொண்டிருந்தது. 6.3இல் சட்டென்று தலைகுப்புற விழுந்தது.

மூன்று முறை சூடேற்றிக் குளிர்வித்தேன். மூன்று முறையும் 6.3. பங்காளி வீட்டைக் காலி செய்துவிட்டான், ஆனால் இவனும் இளைத்துப் போயிருக்கிறான். விடிகிற நேரத்தில் தாளைக் கிழித்து மடித்து நோட்டில் ஒட்டினேன். ஹரியானாக்காரர், “என்ன ஆயிற்று, யாராவது செத்துப்போய்விட்டார்களா?” என்று இந்தியில் கேட்டார்.

கைடு தாளை ஒரு நிமிஷம் பார்த்தார். அறை வெப்பத்தில் இருந்த மின்தடைக்கும் கடைசியில் இருந்த மின்தடைக்கும் என்ன விகிதம் என்று கேட்டார். ஆறு என்றேன். மற்ற ஏழிலும் முப்பதுக்குக் குறையவில்லை. “அழுக்குப் படிகம். எங்கேயோ இரும்பு கலந்திருக்கும். இதைத் தள்ளி வை” என்றார்.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் சொன்னது நியாயமான சந்தேகம். காந்த குணமுள்ள இரும்பு அணு எலெக்ட்ரான் ஜோடிகளைப் பிரிக்கும் என்பது நிச்சயம். ஆனால் அது இரும்புதானா என்று பார்த்திருக்க வேண்டும். அதே குழாயிலிருந்து இன்னொரு தகட்டை எடுத்து அளந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் ஹீலியம் இயந்திரத்தின் கம்ப்ரசர் படுத்தது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நாலு மாசமோ ஆறு மாசமோ என்றார்கள். ஜூனில் என் உதவித்தொகை முடிகிறது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு நாகபுரியில் வேலை. “இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்” என்று சொல்கிற வீடு எங்களுடையது இல்லை. இருபத்தெட்டு வயது வரை விட்டதே பெரிது என்பது ஊரின் அபிப்பிராயம்.

அந்த நாளில் வரைபடங்களை டிரேசிங் தாளில் இந்திய மையால் வரைவோம். எட்டாவது புள்ளியை நான் ஏற்கெனவே வைத்திருந்தேன், கோட்டுக்கு வெகுதூரம் கீழே, தனியாக. அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, ‘இந்தப் படிகத்தில் மேடு தெரியவில்லை, காரணம் ஆராயப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். அரை பிளேடை எடுத்து அந்தப் புள்ளியைச் சுரண்டினேன். டிரேசிங் தாளில் மை சுலபமாகப் போய்விடும். சொரசொரப்பு மட்டும் இருக்கும், நகத்தால் தேய்த்தால் அதுவும் போகும். பின்னிணைப்பு அட்டவணையைத் திருத்த மறந்துவிட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார், “அப்படியானால் அலை மீகடத்தலுக்கு எதிரி என்று உறுதியாகச் சொல்கிறீர்களா?” உறுதியாகச் சொன்னேன். கை தட்டினார்கள்.

நாகபுரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. மாணவர்களுக்குப் பாடம் எடுத்தே என் காலம் போயிற்று. வருத்தமில்லை. அந்த வெயிலில் ஒரு வகுப்புக்கு மின்தடையை விளக்கிப் புரியவைப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை. 1998 கோடை விடுமுறையில் ஒரு பெரிய நூலகத்துக்குப் போனபோது 1980ஆம் வருஷத்து ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ தொகுதி கையில் அகப்பட்டது. அதில் ஒரு கட்டுரை, எழுதியவர்கள் சூரியகுமார், கிளைன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சி. சூரியகுமார் என்ற பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம், அடுத்த நொடியே ஒரு கூச்சம். இந்தக் கட்டுரை என் தீசிஸின் மேற்கோள் பட்டியலில் இருக்கிறது. நான் அதைப் படிக்காமலே சேர்த்திருந்தேன். வேறொருவரின் பட்டியலிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டது. எல்லோரும் செய்வதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நூலகத்தில் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து அன்றைக்குத்தான் படித்தேன். அவர்கள் அதே நியோபியம் டைசெலினைடின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சிதறி வருவதைப் பார்த்திருக்கிறார்கள். 33 கெல்வினுக்குக் கீழே மின்னூட்ட அலையின் அசைவு ஒரு மேடாகத் தெரிகிறது. 7.2க்குக் கீழே போனதும் அதற்குப் பக்கத்தில், குறைந்த ஆற்றலில் புதிதாக இன்னொரு மேடு முளைக்கிறது. மீகடத்தலுக்குச் சொந்தமானது. அதன்பின் காந்தப் புலத்தை வைத்துப் பார்த்தபோது, புதிய மேடு குறையக் குறைய அலையின் மேடு வளர்ந்தது. ஒன்றின் கையிலிருந்து மற்றது கடன் வாங்குகிறது, திருப்பித் தருகிறது.

அடுத்த வருஷமே லிட்டில்வுட், வர்மா இருவரும் இதற்கு விளக்கம் தந்தார்கள். மீகடத்தலின் வலிமை தானே கூடிக் குறைந்து துடிக்கும் துடிப்புதான் அந்தப் புதிய மேடு. சாதாரண மீகடத்தியில் இந்தத் துடிப்பு ஒளியின் கண்ணுக்கு அகப்படாது. பிடித்து ஆட்டக் கைப்பிடி இல்லை. இங்கே மின்னூட்ட அலை கூடவே இருக்கிறது. ஒளி அலையை ஆட்டுகிறது, அலை மீகடத்தலை ஆட்டுகிறது. பங்காளிதான் விளக்குப் பிடிக்கிறான். 2012இல் ஜெனீவாவில் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்தபோது, அதே கணக்கைச் சேர்ந்த ஒரு துடிப்பு பல வருஷங்களுக்கு முன்பே ஒரு சின்னத் தகட்டில் தெரிந்திருந்தது என்று இயற்பியல்காரர்கள் பேசிக்கொண்டது இதைத்தான். பாரிஸில் ஒரு குழு 2014இல் இதை மறுபடியும் செய்து பார்த்தது. இம்முறை நியோபியம் டைசல்பைடையும் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அதில் செலினியத்துக்குப் பதில் கந்தகம், மின்னூட்ட அலை கிடையாது. மீகடத்தல் உண்டு, அந்த மேடு இல்லை.

இந்த நியோபியம் டைசல்பைடைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அலையே இல்லாத இது ஏறத்தாழ 6 கெல்வினில்தான் மீகடத்தியாகிறது. அலை உள்ள சகோதரனின் 7.2ஐ விடக் குறைவு. எதிரி இல்லாத வீட்டில் உயர வேண்டியது உயரவில்லை. இந்த எண் நான் தீசிஸ் எழுதிய நாளிலேயே புத்தகங்களில் இருந்தது. என் எட்டாவது புள்ளிக்கு ஒரு சாட்சி அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தது. நான் அழைக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த விஷயம் எங்கேயோ போய்விட்டது. 1986இல் பெட்நோர்ஸும் மியூலரும் தொடங்கிவைத்த செம்பு ஆக்ஸைடு மீகடத்திகள் இருக்கின்றனவே, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கு மேலேயே வேலை செய்பவையும் அவற்றில் உண்டு. அவற்றுக்குள்ளும் மின்னூட்ட அலை ஒளிந்திருப்பதை 2012இல் எக்ஸ்-ரே காட்டிக்கொடுத்தது. மீகடத்தல் வந்ததும் அங்கே அலை இளைக்கிறது. காந்தப் புலத்தால் மீகடத்தலை அமுக்கினால் அலை நிமிர்கிறது. இது சண்டைதான், என் கைடு கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். நியோபியம் டைசெலினைடையே ஒற்றை ஏடாக உரித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மீகடத்தல் தளர்கிறது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அலை விஷயத்தில் 2015இல் ஒரு குழு அது 145 கெல்வின் வரை தாங்குகிறது என்றது. 2016இல் இன்னொரு குழு கிராஃபீன் மேல் வளர்த்துப் பார்த்துவிட்டு, பெரிய படிகத்தில் இருப்பதிலிருந்து மாறவே இல்லை என்றது. ஏட்டின் கீழே எதை வைத்திருக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. ஒற்றை ஏட்டுக்குத் தரைகூட அந்நியமில்லை.

பெங்களூர்ப் பெண்ணின் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. அவள் நியோபியம் டைசெலினைடில் அளவோடு குறைகளை உண்டாக்கி, அலையும் மீகடத்தலும் எந்த வரிசையில் குலைகின்றன என்று பார்க்கிறாள். காந்த குணமில்லாத அழுக்கு மீகடத்தலை அதிகம் தொடாது என்று ஆண்டர்சன் 1959இல் காட்டியது எல்லாத் திசையிலும் ஒரே வலிமையுள்ள ஜோடிகளுக்கு. இந்தப் பொருளில் திசைக்குத் திசை வலிமை வேறு. ஆகவே இரும்பே இல்லாமலும் அழுக்கு 7.2ஐக் கீழே இழுக்கலாம். என் எட்டாவது படிகம் வெறும் குப்பையா, அவள் தேடுவதற்கு முன்கூட்டியே கிடைத்த ஒரு உதாரணமா? அவள் கடிதத்தின் கடைசி வரி இது: “உங்கள் கோட்டை வைத்துத்தான் என் கணக்கைச் சரிபார்க்கிறேன் மேடம். என் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுகின்றன. நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை.”

இந்த வரிதான் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் தன் படிகங்களைச் சந்தேகப்படுகிறாள், தன் கையைச் சந்தேகப்படுகிறாள். அடுத்து அவளும் ஒரு பிளேடைத் தேடலாம். இப்போது பிளேடுகூட வேண்டாம், கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான்.

பரண் மேலே ஏறினேன். கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கோட்டை, எந்தப் புள்ளி என்று கேட்டபடி நின்றார். நோட்டு கிடைத்தது. ஓரம் கரையான் அரித்திருந்தாலும் ஜனவரி ராத்திரியின் தாள் நன்றாகவே இருக்கிறது. மை பழுப்பேறியிருக்கிறது. 6.3 என்ற இடத்தில் நான் மூன்று முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதைப் படம் எடுத்து, நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பிளேடு உட்பட. மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன்.

பதில் அன்றைக்கே வந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “மேடம், அந்தப் படிகம் இப்போது எங்கே?” என்று மட்டும் கேட்டிருந்தாள்.

அது என்னிடம்தான் இருக்கிறது. டெல்லியை விட்டு வரும்போது ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. ஹோமியோபதி மாத்திரைச் சீசாவில், பஞ்சுக்கு நடுவே, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இத்தனை வருஷமும் கிடந்தது. மேற்பரப்பு மங்கியிருக்கிறது. செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் உள்ளே பளபளப்பான ஏடு இருக்கும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் தினமும் செய்வதே அதுதான். இரும்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடச் சொல்லி, சீசாவைத் தீப்பெட்டிக்குள் வைத்து, தீப்பெட்டியைப் பழைய புடவைத் துணியில் சுற்றி கூரியரில் அனுப்பினேன். பெறுமானம் என்ன போடட்டும் என்று கேட்டான் கவுன்டரில் இருந்த பையன். பத்து ரூபாய் என்றேன்.

நேற்றுக் காலை அவளுக்குக் கிடைத்துவிட்டது. நாலு கம்பியும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம். திங்கட்கிழமை ஹீலியம் வருகிறது.